மெல்லப் பேசிய வீடு

அவர்கள் ஊரை விட்டுக் கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை. சந்தை இருந்திருந்தால் அன்று வெங்காய லாரிகள் வரும் நாள். ஆனால் முந்தின வாரமே சந்தையைச் சுற்றித் தகரம் அடித்து, உள்ளே மண் தோண்டும் வண்டியை இறக்கிவிட்டிருந்தார்கள். ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் அவன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவள்தான் பார்த்தாள். தகர இடுக்கில், அவன் வருஷக்கணக்காக ஏறி நின்று ஏலம் கூவிய சிமென்ட் மேடை பாதி உடைந்து கிடந்தது.

சந்தையில் அவனுக்கு மைக்செட் என்று பெயர். தொண்டையில் இருந்த வலு அப்படி. மேடையில் ஏறி நின்று அவன் ஒரு தரம், ரெண்டு தரம் என்று ஆரம்பித்தால் மூன்று தெரு தள்ளியிருந்த தையல் கடையில் ஊசி நிற்கும். அந்தக் கடையில்தான் அவள் வேலை பார்த்தாள். முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே பல மாதங்கள் அந்தக் குரலோடு குடும்பம் நடத்திவிட்டாள் என்று அவளுடைய தங்கை இன்றைக்கும் கேலி செய்வாள். தக்காளி விலை இறங்கினால் அந்தக் குரலில் ஒரு சிணுங்கல் வரும். நல்ல சரக்கு வந்தால் கல்யாண வீட்டுக்காரனைப் போல உபசரிக்கும். கடைசியில் ஆளை நேரில் பார்த்தபோது, இவ்வளவு ஒல்லியான உடம்பில் அது எங்கே குடியிருக்கிறது என்று கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. பிறகு அவன் அவளிடம் பேசினான். ஏமாற்றம் போன இடம் தெரியவில்லை.

ரயிலில் பொதுப்பெட்டி. எப்படியோ ஜன்னலோரம் கிடைத்தது. அவள் காலடியில் போர்வையில் சுற்றிய பெரிய மூட்டை ஒன்று இருந்தது. எதிரே உட்கார்ந்தவர் அது என்ன என்று விசாரித்தார். "என் பொண்டாட்டியோட மூத்த புருஷன். தையல் மெஷின். எனக்கு முன்னாடியே வந்துட்டாரு" என்றான். பெட்டி பாதி சிரித்தது. மீதிப் பாதி, என்ன சொன்னான் என்று கேட்டுச் சிரித்தது. ஒரு ஸ்டேஷனில் வண்டி புறப்படும் சமயம், டீக்காரர் பிளாட்பாரத்தின் மறுகோடியில் போய்க்கொண்டிருந்தார். அவன் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து "அண்ணே, இங்க ரெண்டு" என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான். டீக்காரர் திரும்பினார். போர்ட்டர்கள் திரும்பினார்கள். பச்சைக்கொடியை ஆட்டப்போன கார்டுகூட ஒரு கணம் கையை இறக்கினார். மேல்பலகையில் தூங்கிக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து உட்கார்ந்து, "தம்பி, நீ போனே வாங்க வேண்டாம்ப்பா. ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டாப் போதும்" என்றார். அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு டீயை வாங்கினாள்.

போகிற இடத்தில் அவனுடைய பெரியப்பா மகன் இருந்தார். பேக்கரியில் ரொட்டி போடுகிறவர். தங்கள் வீட்டு ஹாலில் தங்கிக்கொள்ளலாம், தனி வீடு கிடைக்கிறவரை இரண்டு மாதமோ மூன்று மாதமோ என்று அவர்தான் வரச் சொல்லியிருந்தார். அவனுக்குக் குளிர்பதனக் கிடங்கில் வேலை. அவளுக்கு, வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மாடி ஏறி அவர்கள் கதவைத் தட்டியபோது முதலில் தெரிந்தது உதட்டின்மேல் வைத்த ஒரு விரல். அப்புறம்தான் கதவு முழுக்கத் திறந்து முகம் தெரிந்தது. பேக்கரிக்காரரின் மனைவி. முறைக்கு ஓரகத்தி, கூப்பிட அக்கா. வாங்க, உட்காருங்க, பிரயாணம் எப்படி, தண்ணீர் வேண்டுமா என்று எல்லா விசாரிப்பையும் அவள் மூச்சுக்காற்றிலேயே நடத்தினாள். அவர் உள்ளே தூங்குகிறார். ராத்திரி முழுக்க அடுப்பு முன்னால் நிற்கிற மனுஷன், பகலில்தான் படுக்கிறார். "அண்ணி, நல்லா இருக்கீங்களா?" என்று அவன் தன் வழக்கத்தில் கேட்டான். உள்ளறையில் கட்டில் முனகியது. அக்காவின் விரல் மறுபடியும் உதட்டுக்குப் போனது.

ஒரு படுக்கையறை, ஒரு ஹால், ஒருவர் நின்றால் இன்னொருவர் வெளியே நிற்கவேண்டிய சமையலறை. ஹாலின் ஓரத்தில் இவர்களுக்கு ஒரு பாய். அக்கா நல்லவள். அலமாரியில் பாதியை முன்பே காலி செய்து, பழைய செய்தித்தாளை மடித்து விரித்து வைத்திருந்தாள். காலையில் பேக்கரிக்காரர் வரும்போது பை நிறைய சூடான பன் கொண்டுவருவார். முதல் நாள் அதைக் கையில் வாங்கியபோது, இந்த ஊர் நம்மை வைத்துக்கொள்ளும் என்று அவளுக்குத் தோன்றியது.

அந்த வாரத்திலேயே அது நடந்தது. பழைய சந்தை நண்பன் ஒருவன் மத்தியானம் போன் செய்தான். இவன், தான் இருக்கும் இடத்தையே மறந்துவிட்டான். சந்தை, லாரி, யார் யார் எங்கே போனார்கள் என்று பேச்சு ஏறிக்கொண்டே போனது. அவள் சமையலறையிலிருந்து கையை ஆட்டியபோது காரியம் கைமீறியிருந்தது. உள்ளறைக் கதவு திறந்து, சிவந்த கண்ணோடு பேக்கரிக்காரர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு தடவை கலைந்தால் அவருக்கு அவ்வளவுதான், தூக்கம் திரும்ப வராது. அன்று ராத்திரி அப்படியே வேலைக்குப் போனார். காலையில் வந்தபோது பன் பை இடது கையில் இருந்தது. வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை துணி சுற்றியிருந்தது. நின்றபடியே கண் சொருகி, சூட்டுத்தட்டின்மேல் கை சாய்ந்துவிட்டது.

அக்கா யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. களிம்பை எடுத்துத் தடவினாள், அவ்வளவுதான். பேக்கரிக்காரர்தான் இவனைப் பார்த்துச் சிரித்து, "டேய், உன் குரல் என் கையில கையெழுத்துப் போட்டிருச்சு" என்றார். நல்ல மனதோடு சொன்ன தமாஷ். இவன் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து குரல் இறங்கியது. முதலில் அவர் தூங்கும் நேரத்தில் மட்டும். பிறகு அவர் தூங்குகிறாரா என்று தெரியாத நேரத்திலும். பிறகு எல்லா நேரத்திலும். கதவுக் கீலுக்கு அவன் எண்ணெய் விட்டான். டப்பாக்களுக்கு அடியில் துணி வைத்தான். தும்மல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்தான். தையல் மெஷின் மூட்டையைப் பிரிக்கவே இல்லை. மூத்த புருஷனும் வாயை மூடிக்கொண்டு உள்ளறைக் கட்டிலுக்கடியில் கிடந்தார்.

அவளுக்குத் திரைச்சீலை தைக்கும் கடை ஒன்றில் வேலை கிடைத்தது. மற்றவர்கள் வீட்டு ஜன்னல்களுக்கு அளவெடுத்து, மடிப்பு வைத்து, வளையம் கோத்துத் தைத்துக் கொடுப்பது. தொங்கவிட்டுப் பார்க்காமல் கீழ்விளிம்பை மடித்துத் தைக்கக்கூடாது, துணி தன் எடையில் கொஞ்சம் இறங்கும் என்று அங்கேதான் கற்றுக்கொண்டாள். கடையில் மிச்சப்பட்ட கனத்த துணியில் பேக்கரிக்காரரின் அறைக்கு ஒரு திரை தைத்துப் போட்டாள். பட்டப்பகலில் அந்த அறை கும்மிருட்டானது. அக்கா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். அந்த வீட்டில் நன்றிகூடச் சத்தமில்லாமல்தான் சொல்லப்பட்டது.

அவன் வேலை செய்த கிடங்கிலும் இதே கதை. ஓயாத மெஷின் இரைச்சல், முகம் முழுக்கக் கம்பளித்துணி. யாரும் யாரோடும் பேசுவதில்லை, தலையை ஆட்டிக்கொள்வதோடு சரி. வேலை முடிந்து மத்தியானமே வந்துவிடுவான். அவள் சாயங்காலம் திரும்பும்போது ஹாலில் ஒரு மூலையில், வேறு யாரோ விட்டுப்போன குடையைப் போலச் சாய்ந்து உட்கார்ந்திருப்பான். அவர்களுக்குள் ஒரு கைப்பேச்சு உண்டானது. மணிக்கட்டில் இரண்டு தட்டு என்றால் சாப்பிட்டாயா. காதைத் தொட்டால் வெளியே போகலாமா. உள்ளங்கையில் விரலால் எழுதுவதும் உண்டு. ஆரம்பத்தில் இதெல்லாம் அவளுக்குப் பிடித்திருந்தது, புதுக்காதலைப் போல. ஒரு நாள் எதற்கோ அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்தியபடி படியிறங்கித் தெருவுக்கு ஓடினான். அவள் பின்னாலேயே ஓடினாள், அந்தச் சிரிப்பைக் கேட்க வேண்டும் என்பதற்காகவே. தெருவுக்கு வந்து சேர்ந்தபோது சிரிப்பு போய்விட்டிருந்தது. இருவரும் விளக்குக் கம்பத்தடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்ப ஏறினார்கள்.

சாயங்காலம் பேக்கரிக்காரர் எழுந்து டீ குடித்து, வேலைக்குக் கிளம்புகிறவரை வீட்டில் தாராளமாகச் சத்தம் போடலாம். அவரே அதற்கு ஆசைப்பட்டார். "தம்பி, ஒரு ஏலம் விடுடா, கேப்போம். இந்த ஸ்டூலுக்கு விடு" என்பார். இவன் சிரித்துக்கொண்டே தலையை அசைப்பான். லீவு நாளில் அவளும் அவனைப் பாலத்தடிப் பூங்காவுக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்து, இப்போது பேசுங்கள் என்பாள். "என்ன பேசறது?" என்பான், அதையும் பக்கத்து பெஞ்சுக்குக் கேட்காமல்.

பக்கத்தில் படுத்திருக்கும் மனுஷனுக்காக ஏங்குவது என்ன ஏக்கம் என்று அவளுக்கே விளங்கவில்லை. ஆள் இருக்கிறான். கை இருக்கிறது, அவள் தலைக்கடியில். ஊரில் தையல் கடையில் உட்கார்ந்து கேட்ட அந்த ஒன்றைத்தான் எங்கேயோ வழியில் இறக்கிவிட்டு வந்துவிட்டார்கள். ரயிலில்தான் அதைக் கடைசியாக நிம்மதியாகக் கேட்டது. அந்த டீயை இன்னும் கொஞ்சம் மெதுவாகக் குடித்திருக்கலாம் என்று நினைத்துக்கொள்வாள்.

இரண்டு மாதம் என்று வந்தது இரண்டு மழைக்காலம் ஆனது. கடை முதலாளியம்மா சொல்லித்தான் தனி வீடு கிடைத்தது. ஊரின் ஓரத்தில், மரக்கடைக் கிடங்குக்குப் பின்னால். தண்ணீருக்குத் தெருக்குழாய்க்குப் போகவேண்டும், பஸ்ஸுக்கு நடக்கவேண்டும். அவள் எதையும் கேட்கவில்லை. வீட்டைச் சுற்றி ஒரு தடவை நடந்துபார்த்தாள். எந்தப் பக்கத்துச் சுவரும் இன்னொரு வீட்டைத் தொடவில்லை. சரி என்று சொல்லிவிட்டாள்.

விடைபெறும்போது அக்கா வாசல்வரை வந்தாள். கண் கலங்கியிருந்தது. "இத்தனை நாள் ஒரே வீட்ல இருந்தோம். நீங்க ரெண்டு பேர் இருந்த சத்தமே தெரியலைம்மா" என்றாள். அவளுக்குத் தெரிந்த ஆகப்பெரிய பாராட்டு அது. படியிறங்குகிறவரை சிரித்த முகமாக இருந்த இவள், ஆட்டோவில் ஏறியதும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

புது வீட்டில் மூட்டையைப் பிரித்து மெஷினை ஜன்னலோரம் வைத்தாள். கடகடவென்று ஓட்டிக் காட்டினாள். பாத்திரத்தை வேண்டுமென்றே டமாரென்று வைத்தாள். அவன் ஒவ்வொரு தடவையும் உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அங்கே ஒரு தண்ணீர்க்குடமும் துணிக்கொடியும் தவிர யாரும் இல்லை. போகப்போக அவளே டமார் என்று வைப்பதை விட்டுவிட்டாள். கால்களுக்கும் பழைய பழக்கம்தான் நினைவில் இருந்தது. இருவரும் பூனை மாதிரி நடந்தார்கள். கதவை இரண்டு கையாலும் பிடித்துச் சாத்தினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் குளித்து வந்தபோது வீட்டில் சத்தமே இல்லை. ஆள் எங்கேயோ வெளியே போயிருக்கிறான் என்று நினைத்தாள். அவன் ஆளுயர மதில் சூழ்ந்த பின்முற்றத்தில், காயும் போர்வைக்குப் பின்னால் உட்கார்ந்து செருப்பு வார் தைத்துக்கொண்டிருந்தான். அவள் இன்னும் குளிக்கிறாள் என்று அவன் நினைத்தான். அவளுக்கு, தொங்கவிட்ட திரைகளுக்கு விளிம்பு தைக்க ஒரு வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. வாசல் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டாள். போனை அலமாரியிலேயே மறந்துவிட்டது பஸ்ஸில் ஏறிய பிறகுதான் தெரிந்தது.

திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பூட்டைத் திறந்தாள். உள்ளே அவன் ஜன்னல் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். வார் தைத்த செருப்பு காலில் இருந்தது. வெளியே கிளம்பத் தயாராகி அப்படியே உட்கார்ந்துவிட்ட கோலம். அவளுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"உள்ளயா இருந்தீங்க? காலையிலேர்ந்தா?"

"போன் போட்டேன். இங்கயே அடிச்சுது."

"ஜன்னல்லேர்ந்து ஒரு குரல் குடுக்கறதுக்கென்ன? எதிர்லயே மரக்கடை வாட்ச்மேன் உக்காந்திருக்காரு."

"தூங்கிட்டிருந்தாரு."

"அவரு முழிச்சிருக்கறதுக்குத்தான் சம்பளமே வாங்கறாரு."

அவன் யோசித்தான். அதிலிருந்த வேடிக்கை அவனுக்கு உறைத்தது. சிரிக்க ஆரம்பித்தான். தோள் இரண்டும் குலுங்கின, கண்ணில் தண்ணீர் வந்தது. ஒரு சொட்டுச் சத்தம் வரவில்லை. பச்சைக்கொடியை நிறுத்திய மனுஷன், தன் வீட்டுக்குள் பூட்டப்பட்டு, காவல்காரனை எழுப்பக்கூடாதென்று ஒரு பகல் முழுக்க வாய்மூடி உட்கார்ந்திருக்கிறான். அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். தானும் சத்தமில்லாமல்தான் அழுகிறோம் என்று தெரிந்ததும் இன்னும் கோபம் வந்தது.

"இப்பக் கூவுங்க" என்றாள். "ஒரு தடவை. எனக்காக."

எழுந்து நின்றான். மூச்சை இழுத்தான். மார்பு ஏறியது, கழுத்து நரம்பு தெரிந்தது. பிறகு காற்று மட்டும் மெல்ல வெளியே போனது. சங்கடமாக அவளைப் பார்த்தான். "சரக்கு இல்லாம எப்படிக் கூவறது? இங்க யாரு வாங்கப்போறா?"

அன்றைக்குத்தான் அதைச் சொன்னான். கிடங்குக்கு உருளைக்கிழங்கு ஏற்றி வரும் லாரி டிரைவர் ஒருவர், ரயிலில் ஒரு ராத்திரி போகிற தூரத்தில் புதிதாக ஒரு சந்தை திறந்திருப்பதாகச் சொன்னாராம். எடை போட ஆள் தேவையாம். எப்போது சொன்னார் என்று கேட்டாள். கொஞ்ச நாளாயிற்று என்றான். கூவுவதற்கு அங்கே வேறு ஆள் இருக்கிறார், இது வெறும் தராசு வேலை, இதற்காக வீட்டையும் அவள் வேலையையும் கலைக்க வேண்டாமே என்று இருந்துவிட்டானாம்.

"நீங்க போங்க. நான் இங்க இருக்கேன்" என்றாள்.

"தராசு பிடிக்கவா அவ்ளோ தூரம்?"

"ஏலம் போடற இடத்துக்குப் பக்கத்துல நில்லுங்க. போதும்."

வழியனுப்ப அவள் ஸ்டேஷனுக்குப் போனாள். வண்டி நகர்ந்தபோது பெட்டி வாசலில் நின்று கையை ஆட்டினான். பிளாட்பாரம் முடிகிறவரை அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தனி வீட்டில் தனி ஆளாக இருப்பது எப்படி என்று அவள் கற்றுக்கொண்டாள். சாயங்காலம் மெஷினை ஓட்டுவாள். ரேடியோவைத் திறந்துவைப்பாள். அவனிடமிருந்து எழுத்தில் செய்தி வரும். சாப்பிட்டேன். மழை. இன்று லாரி தாமதம். போன் செய்தால் பேசுவான், ஆனால் அதே பழைய முணுமுணுப்பில். சந்தைக்குப் பின்னால் சுமை தூக்குகிறவர்களோடு ஒரே அறையில் தங்கியிருந்தான். யாராவது தூங்குகிறார்களா என்று கேட்பாள். ஆமாம், யாராவது ஒருத்தர் எப்போதும் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்பான். அவள் காதை அழுத்திவைத்து, அவன் பேச்சுக்குப் பின்னால் சந்தை கேட்கிறதா என்று தேடுவாள். யாரோ ஒருவர் கூவுவது தூரத்தில் கேட்கும். நல்ல குரல்தான். ஆனால் ஒரே மாதிரி கூவினார், வெங்காயத்துக்கும் வாழைத்தாருக்கும் வித்தியாசம் தெரியாமல்.

ஒரு லீவு நாளில் பேக்கரிக்காரரும் அக்காவும் பன் பையோடு வந்தார்கள். அவர் கையில் தழும்பு வெளுத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூட்டின் கதையை அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். பேக்கரிக்காரர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. கிளம்பும்போது அவளைத் தனியே சமையலறைக்கு அழைத்து, "வாய்ல விரலை வைக்கத் தெரிஞ்ச எனக்கு, எடுத்துட்டேன்னு சொல்லத் தோணலை பாரு" என்றாள். இவள் அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அப்படியெல்லாம் இல்லைக்கா என்று சொல்லியிருக்கலாம்.

இடையில் இரண்டு முறை வந்துபோனான். மெலிந்திருந்தான், வெயிலில் கறுத்திருந்தான். எடை போடுவதைப் பற்றி நிறையச் சொன்னான். வேறு ஒன்றும் அவள் கேட்கவில்லை. கேட்டால் பயந்து பறந்துவிடும் பறவையைப் போல அவன் குரலை அவள் பாவித்தாள். அவனுடைய சட்டைகளைத் துவைத்து, பொத்தான் தைத்து, மறுபடி ரயிலேற்றினாள்.

அதன்பின் வெகுநாள் கழித்து, வெயில் காலம் முடிகிற சமயம், ஒரு வீட்டில் ஏணிமேல் நின்று திரை மாட்டிக்கொண்டிருந்தாள். இடுப்பில் போன் அதிர்ந்தது. எழுத்து இல்லை, குரல் செய்தி. அவனிடமிருந்து வந்த முதல் குரல் செய்தி அது. இறங்கி வந்து, அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து வைத்துவிட்டு, அதை அழுத்தினாள். ஒன்றும் கேட்கவில்லை. காற்று உரசுகிற மாதிரி ஏதோ கரகரவென்றது. மறுபடியும் மறுபடியும் போட்டாள். மறுபடியும் முணுமுணுப்பா என்று மனசு விட்டுப்போனது. பிறகு அந்த வீட்டு அம்மாவிடம் டிவியைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னாள். மின்விசிறியையும் நிறுத்தச் சொன்னாள். போனைக் காதோடு காதாக அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டாள்.

"கூவறவருக்குக் காய்ச்சல். ஆள் இல்லை, நீ நில்லுன்னு ஏத்திவிட்டுட்டாங்க. மொதல்ல வரலை. மாம்பழக் கூடை வந்துச்சு, அப்ப வந்துருச்சு. காலையிலேர்ந்து கடைசி வண்டி வரைக்கும் நான்தான். பழக்கம் விட்டுப்போச்சா, தொண்டை சுத்தமா கிழிஞ்சிருச்சு. வெறும் காத்துதான் வருது. ரெண்டு நாளைக்கு வாயைத் திறக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. போன் பண்ணாத." இருமினான். யாரோ பின்னால் சிரித்து, மைக்செட்டு, வாயை மூடுப்பா என்றார்கள். "சரி, பண்ணு. நீ பேசு. நான் கேட்டுக்கறேன்."